தம்பியின் நீட் கோச்சிங்குக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி, மூணு பழைய பேப்பர் எழுத வைங்க



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். இப்பதான் மாசக் கடைசியில கொஞ்சம் காசு மிஞ்ச ஆரம்பிச்சிருக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வரும்: "தம்பிக்கு நீட்ல மார்க் பத்தலப்பா. இன்னொரு வருஷம் படிக்கிறேங்கிறான். கோச்சிங் ஃபீஸ் கொஞ்சம் பாரேன்." அம்மா கேட்டா எப்படி மறுக்கிறது? நம்மில் பலர் அந்த வாரமே இஎம்ஐ போட்டுடுறோம்.

பணம் கொடுக்காதீங்கன்னு நான் சொல்லல. ஆனா நீட்ல மார்க் ஏறுறது கேட்ட வகுப்புகளோட எண்ணிக்கையால இல்ல. எழுதிப் பார்த்த தேர்வும், உட்கார்ந்து திருத்தின தப்பும்தான் மார்க்கை ஏத்தும். அதனால மார்க் எங்க போகுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. எதுக்குச் செலவு பண்றதுங்கிறதை அப்புறம் முடிவு பண்ணுங்க.

மார்க் எங்க ஒழுகுது?

2025 தேர்வு முறைப்படி மொத்தம் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான பதிலுக்கு 4 மார்க், தப்பான பதிலுக்கு மைனஸ் 1.

தம்பி போன தடவை எழுதின விடைத்தாளின் ஓஎம்ஆர் நகலும், இறுதி விடைக்குறிப்பும் இருந்தா அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதோட மூணு பழைய வினாத்தாளை டவுன்லோட் பண்ணி, மூணு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை எழுத வைங்க. 2025 தேர்வு நடந்த நேரம் அதுதான். போன் வேற ரூம்ல இருக்கட்டும். பிரிண்ட் எடுத்த ஓஎம்ஆர் தாள்ல பேனாவால வட்டம் நிரப்பட்டும்.

ஒரு விஷயம் கவனிங்க. 2022 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு பதில் கேட்டாங்க, நேரமும் 200 நிமிடம். 2024-ல பாடத்திட்டத்தையும் குறைச்சாங்க. அதனால பழைய பேப்பர்ல நீக்கப்பட்ட பாடக் கேள்விகளை அடிச்சிட்டு, மீதிக்கு ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்னு நேரம் வைங்க.

எழுதி முடிச்சதும் போன மார்க்கை மூணா பிரிக்கச் சொல்லுங்க.

1. பாடமே தெரியாதது.
2. தெரிஞ்சும் தப்பானது: "தவறான கூற்று எது?"ன்னு கேட்டதை "சரியான கூற்று"ன்னு படிச்சது, யூனிட் மாத்த மறந்தது, ஓஎம்ஆர்ல ஒரு வரி தள்ளி நிரப்பினது.
3. நேரம் பத்தாம விட்டது.

ரெண்டாவது வகையை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்க. வர வேண்டிய 4 வரல, கையில இருந்த 1-ம் போச்சு. ஒரு கேள்விக்கு 5 மார்க் வித்தியாசம். இப்படி 20 கேள்வி போனா 100 மார்க்! இந்த 100 மார்க்கை மீட்க புதுசா ஒரு பாடமும் படிக்க வேண்டாம். சம்பளம் உயரலன்னு புலம்புறதுக்கு முன்னாடி வெட்டிச் செலவை அடைக்கிற மாதிரிதான் இது.

எந்தத் தப்புக்கு எந்தச் செலவு?

பெரும்பாலும் இயற்பியல்ல மட்டும் முதல் வகை தப்பா? முழு கோர்ஸ் எதுக்கு? ஊர்லயே நல்லா சொல்லிக் கொடுக்கிற ஒரு இயற்பியல் ஆசிரியர் போதும். மூணு பாடத்திலும் அடிப்படை ஆட்டம் காணுதுன்னா முழு வகுப்பு தேவைதான், தாராளமா சேருங்க. வீட்ல உட்கார்ந்து படிக்க இடமோ அமைதியோ இல்லாதவங்களுக்கும் கோச்சிங் சென்டர் நியாயமான செலவு.

ரெண்டாவது, மூணாவது வகைன்னா தேர்வுத் தொடர் மட்டும் வாங்கிக் கொடுங்க. வாரம் ஒரு முழுத் தேர்வு, மறுநாள் முழுக்கத் திருத்தம். தப்பான ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்ல எழுதி, ஒரு வாரம் கழிச்சும் ஒரு மாசம் கழிச்சும் விடையைப் பார்க்காம திரும்பப் போடணும். உயிரியல் மட்டுமே 360 மார்க், மொத்தத்துல பாதி. என்சிஇஆர்டி புத்தகத்தை வரி வரியா படிச்சு, மூடி வச்சு நினைவுபடுத்திப் பார்த்தா 90 கேள்வியை வேகமா முடிக்கலாம். மிச்சமாகுற நேரம் இயற்பியல் கணக்குக்கு உதவும்.

என்சிஇஆர்டி புத்தகங்கள் இணையத்தில் இலவசம். மத்திய கல்வி அமைச்சகமும் ஐஐடி கான்பூரும் சேர்ந்து நடத்துற 'சாத்தி' தளமும் இலவசம். தமிழ்ல எழுதப் போறவங்க பயிற்சியையும் தமிழ் வினாத்தாள்லயே எடுக்கணும். மொழிபெயர்ப்புல குழப்பம் வந்தா ஆங்கில வடிவம்தான் இறுதி. அதனால கலைச்சொற்களை ரெண்டு மொழியிலும் தெரிஞ்சு வச்சுக்கட்டும்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

கோச்சிங் ஃபீஸுக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. 1,00,000 ரூபாய்னு சொன்னா, வரி சேர்த்தா தனியான்னு கேளுங்க. தனின்னா 1,18,000. பழைய வரிமுறையில இருக்கிறவங்க இதுக்கு வரிச்சலுகை எதிர்பார்க்காதீங்க. டியூஷன் ஃபீஸ் கழிவு கோச்சிங்குக்குக் கிடையாது. அது சொந்தப் பிள்ளைகளுக்குத்தான், தம்பி தங்கைக்கு இல்ல.

'வட்டியில்லா இஎம்ஐ'ங்கிறது பல இடங்கள்ல ஒரு நிதி நிறுவனம் உங்க பேர்ல கொடுக்கிற கடன். தம்பி மூணாவது மாசமே வகுப்பை விட்டு நின்னாலும் இஎம்ஐ நிக்காது. கட்டாம விட்டா அடி வாங்குறது உங்க கிரெடிட் ஸ்கோர். பாதியில நின்னா மீதி நாளுக்கான கட்டணத்தை 10 நாளுக்குள்ள திருப்பித் தரணும்னு மத்திய கல்வி அமைச்சகத்தோட 2024 வழிகாட்டுதல் சொல்லுது. உங்க சென்டர் அதை ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுதித் தருமான்னு கேளுங்க. தயங்கினா மாசா மாசம் ஃபீஸ் வாங்குற இடமா பாருங்க. அவசர கால நிதியில மட்டும் கை வைக்காதீங்க.

எல்லையை இப்பவே பேசிடுங்க

எத்தனை வருஷம், எந்த மார்க் இலக்குங்கிறதை மூணு பேரும் உட்கார்ந்து எழுதி வைங்க. போன வருஷ கட்-ஆஃப் பார்க்கும்போது உங்க பிரிவுக்கானதைப் பாருங்க. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா, தமிழ்நாட்டில் 2020 முதல் இருக்கிற 7.5% உள் ஒதுக்கீடும் கணக்குல வரும்.

கூடவே இன்னொரு வழியும் திறந்திருக்கட்டும். தமிழ்நாட்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாத்துக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க் போதும், நீட் வேண்டாம். அந்த விண்ணப்பங்களையும் அதே வருஷம் போட வைங்க.

முக்கியமா, "உனக்காக எவ்ளோ செலவு பண்றேன் தெரியுமா"ங்கிற பேச்சு வேண்டாம். இஎம்ஐ பாரத்தைத் தலையில சுமந்துட்டு தேர்வு எழுதுற பிள்ளைக்கு, தெரிஞ்ச கேள்வியும் தப்பாகும். செலவை உங்களால தாங்க முடிஞ்ச அளவுக்குள்ள வச்சாலே அந்தப் பேச்சுக்கு வேலை இருக்காது.

வர்ற ஞாயிறு மதியம் 2 மணிக்கு முதல் பேப்பரை ஆரம்பிங்க. மூணாவது பேப்பர் திருத்தி முடியற வரைக்கும் அட்வான்ஸ் எதுவும் கட்டாதீங்க. மார்க் பிரிச்சுப் பார்த்ததுல உங்க வீட்ல எந்த வகைத் தப்பு அதிகமா இருந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல அதைப் பத்திப் பேசலாம்.