தமிழில் யோசித்தால் ஆங்கிலம் கெடுமா?

"ஆங்கில வகுப்பில் தமிழில் யோசிக்காதே." தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலர் இந்த அறிவுரையைக் கேட்டிருப்போம். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால், பல்கலைக்கழகத்தில் அறிக்கையையும் மின்னஞ்சலையும் ஆங்கிலத்திலேயே எழுதிவரும் மாணவி என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை. ஆங்கில இலக்கணத்தில் நமக்குக் கடினமாகத் தோன்றும் சில பகுதிகளுக்குத் தமிழே நல்ல வழிகாட்டி என்பேன்.

'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்', 'குட் ஹேவ்', 'மைட் ஹேவ்' ஆகியவற்றையே எடுத்துக்கொள்வோம். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி ஊகிக்கவும் குறைகூறவும் இவை வேண்டும். எஸ்.பி.எம்., முவெட் தேர்வுகளுக்குத் தயாராகும்போது இவற்றைக் கண்டு தயங்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. சூத்திரம் போல மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

'ஹீ மஸ்ட் ஹேவ் கம்' என்ற வாக்கியத்தின் வினைப்பகுதியைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். 'கம்' என்பது வந்து. 'ஹேவ்' என்பது இருக்க. 'மஸ்ட்' என்பது வேண்டும். வந்து, இருக்க, வேண்டும்! தமிழில் நாம் தினமும் பேசும் அதே அமைப்புதான், வரிசை மட்டும் தலைகீழ். நான், நீ, அவர் என்று யாரைச் சொன்னாலும் 'வந்திருக்க வேண்டும்' மாறுவதில்லை. அதுபோலவே ஆங்கிலத்திலும் இந்த இடத்தில் 'ஹேவ்' ஒருபோதும் 'ஹேஸ்' ஆவதில்லை. இதை ஒரு முறை புரிந்துகொண்டால் மனப்பாடம் தேவையில்லை.

வேறுபாடு எங்கே? 'வந்திருக்க வேண்டும்' என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வாசலில் செருப்பைப் பார்த்து, "அண்ணன் வந்திருக்க வேண்டும்" என்றால் அது ஊகம். "நேற்றே வந்திருக்க வேண்டும், வரவில்லை" என்றால் அது குறை. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடுகிறது. ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்'; குறைக்கு 'ஷுட் ஹேவ்'.

இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமன்று. விடுதிப் பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு மாணவர், ஊழியர்கள் பட்டியலைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் புகார் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'ஷுட் ஹேவ்' வரவேண்டிய இடத்தில் 'மஸ்ட் ஹேவ்' போட்டால், ஊழியர்கள் நிச்சயமாகச் சரிபார்த்திருப்பார்கள் என்று பொருளாகிவிடும். புகாரே நற்சான்றிதழாக மாறிவிடும்! குழுப் பணியில் இதற்கு நேர்மாறாக நடக்கலாம். "அவள் அனுப்பியிருப்பாள்" என்று நல்லபடியாகச் சொல்ல நினைத்து 'ஷுட் ஹேவ்' பயன்படுத்தினால், அவளைக் குறைசொல்வதாகக் கேட்பவருக்குப் படலாம்.

இதைத் தவிர்க்கவும் தமிழே உதவுகிறது. வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். ஊகமாக இருந்தால் "வந்திருக்க முடியாது" என்போம். குறையாக இருந்தால் "வந்திருக்கக் கூடாது" என்போம். 'முடியாது' பொருந்தினால் 'மஸ்ட் ஹேவ்', 'கூடாது' பொருந்தினால் 'ஷுட் ஹேவ்'.

'சொல்லியிருக்கலாம்' என்பதும் அப்படித்தான். சொன்னாரா இல்லையா என்று நமக்குத் தெரியாவிட்டால் 'மைட் ஹேவ்' பொருந்தும். சொல்லவில்லை என்று தெரிந்தே, "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்று வருந்தினால் 'குட் ஹேவ்' பொருந்தும். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவதுண்டு. ஆனாலும், தொடக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுவது நல்லது.

தமிழில் யோசித்தால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் பழக்கம் வந்துவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. 'வேண்டும்' என்றாலே 'மஸ்ட்' என்று எழுதுவது அந்தப் பழக்கத்தால்தான். ஆனால், மொழிபெயர்ப்பது வேறு, ஒப்பிடுவது வேறு. தமிழில் ஒரே வடிவத்துக்கு இரண்டு பொருள் இருப்பதை ஒப்பிட்டுக் காட்டினால்தான் அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதே மாணவருக்குப் புரியும். தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினாலும் அது மாணவர் மனத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். 'ஷுட் ஹேவ்' என்பதைப் பேச்சில் சுருக்கும்போது 'ஷுட் ஆஃப்' போல ஒலிப்பதால், அப்படியே தவறாக எழுதிவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்குக் காது மட்டுமே துணை. நமக்கோ ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மொழி இருக்கிறது.

ஆகவே, தமிழ் தெரிந்த ஆங்கில ஆசிரியர்கள் வாரத்தில் பத்து நிமிடமாவது இரு மொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். அத்தகைய ஆசிரியர் அமையாத மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டிலேயே அதைச் செய்யலாம். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தது ஆங்கிலத்துக்குச் சுமை என்று எந்த மாணவரும் நினைக்க வேண்டியதில்லை.