கேஸ் கட்டு ஊர் மாறலாம், காரணம் மறையலாமா?

செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "நம்ம கேசை வேற கோர்ட்டுக்கு மாத்திட்டாங்களாம்."

யார் மாற்றியது? ஏன் மாற்றினார்கள்? பலருக்கு விவரம் தெரிவதில்லை.

இதே கோர்ட்டில் இருந்து நாடே பேசிய ஒரு வழக்கு ஊர் மாறியது. காஞ்சீபுரம் வரதராஜ பெருமாள் கோவில் மானேஜர் சங்கரராமன், 3.9.2004 அன்று கோவில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரர் உள்பட பலர் கைதானார்கள். வழக்கு செங்கல்பட்டு செசன்சு கோர்ட்டுக்கு வந்தது.

"தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது" என்று ஜெயேந்திரர் தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தமிழக அரசு எதிர்த்து வாதாடியது. 26.10.2005 அன்று வழக்கை புதுச்சேரிக்கு மாற்றி உத்தரவு வந்தது.

அங்கே 80-க்கும் மேற்பட்ட சாட்சிகள் பல்டி அடித்தார்கள். 27.11.2013 அன்று எல்லோரும் விடுதலை. தீர்ப்பைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் வழக்கு ஏன் மாறியது என்பதில் ஒளிவு மறைவு இல்லை. இரு தரப்பும் பேசின. காரணம் எழுத்தில் இருக்கிறது.

<b>யாருக்கு அதிகாரம்?</b>

மாநிலம் விட்டு மாநிலம் மாற்றுவது சுப்ரீம் கோர்ட்டு. மாநிலத்துக்குள் மாற்றுவது ஐகோர்ட்டு. தன் எல்லைக்குள் இருக்கும் கிரிமினல் கோர்ட்டுகளுக்கு இடையே மாற்ற செசன்சு நீதிபதியே போதும். தன் கீழ் உள்ள மாஜிஸ்திரேட்டிடம் இருந்து வழக்கைத் திரும்பப் பெற தலைமை மாஜிஸ்திரேட்டுக்கும் அதிகாரம் உண்டு.

ஒரே செசன்சு எல்லைக்குள் மாற்றம் கேட்பவர் முதலில் செசன்சு நீதிபதியிடம்தான் போக வேண்டும். அங்கே மனு தள்ளுபடியானால்தான் ஐகோர்ட்டு.

செசன்சு நீதிபதியோ மாஜிஸ்திரேட்டோ வழக்கை மாற்றினால், காரணத்தை எழுதியே ஆக வேண்டும். 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி அப்படியே இருக்கிறது.

<b>விழுப்புரம் டூ வேலூர்</b>

பொன்முடி மீதான சொத்துக்குவிப்பு வழக்கு விழுப்புரத்தில் நடந்து கொண்டிருந்தது. 2022-ல் ஐகோர்ட்டின் நிர்வாக உத்தரவால் வேலூருக்குப் போனது. 2023 ஜூன் மாதம் அங்கே விடுதலை தீர்ப்பு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்தார். விசாரணையில் இருக்கும் கிரிமினல் வழக்கை நிர்வாக உத்தரவால் மாற்ற அதிகாரம் இல்லை என்பது, முதல் பார்வையில் அவர் சொன்ன கருத்து. ஐகோர்ட்டு செய்த மாற்றத்தையே ஐகோர்ட்டு நீதிபதி கேள்வி கேட்டதால் பெரும் பரபரப்பு!

மாமல்லபுரத்தில் இருந்து செங்கல்பட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர். ஒரு வாய்தாவுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வழக்கு இன்னும் தூரம் போனால் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

அதனால் "கேஸ் மாறிடுச்சு" என்ற பேச்சோடு விட்டுவிடக்கூடாது. உத்தரவின் நகலை வாங்கித் தரச் சொல்லி வக்கீலிடம் கேட்க வேண்டும். காரணம் அதில்தான் இருக்கும். இல்லையென்றால், அதைக் கேட்க மேல்கோர்ட்டு இருக்கிறது.