உட்கார மாட்டாத பிள்ளை

மாலை ஏழு மணிக்கு நமது ஊர்களில் எந்தத் தெரு வழியாகப் போனாலும், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து, "ஓர் இடத்தில் உட்கார மாட்டாயா?" என்ற அதட்டல் காதில் விழாமல் இராது. அதட்டுகிறவர் பெரும்பாலும் தாயார். அதட்டப்படுகிறவனுக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். அவனிடமிருந்து பதில் வராது; வருவதற்கு அவன் அங்கே இருந்தால் அல்லவா? தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறான். அதற்கு முன் பென்சில் சீவப் போனான். நோட்டிலோ பத்துக் கணக்கில் ஒன்றரைதான் ஆகியிருக்கிறது. தகப்பனாரைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அவர் கைப்பேசியில் உலக சமாசாரங்களைக் கவனித்துக் கொண்டிருப்பார்.

பையன் என்று எழுதினோமே தவிர, பெண் குழந்தைகளிலும் இந்தத் துறுதுறுப்பு உண்டு.

இத்தகைய பிள்ளைக்கு வீட்டில் வழங்கும் பட்டங்கள் பல. அவற்றுள் 'சோம்பேறி' என்பதுதான் நமக்கு விளங்குவதேயில்லை. விடிந்தது முதல் கால் தரையில் பாவாமல் ஓடுகிறவனை எந்த நியாயத்தில் சோம்பேறி என்பது? பொருந்தாத பட்டமும் ஒட்டிக்கொண்டு விடுகிறது என்பதே நமது விசாரம். தினந்தோறும் ஒரு மணி நேரம் 'உதவாக்கரை' என்று கேட்டு வளரும் குழந்தை, ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் அதை மெய்யென்று நம்பிவிடுகிறது. விடை தெரிந்திருந்தும், "எனக்கு வராது, ஸார்" என்று எழுந்து நிற்கும் பிள்ளைகளை வகுப்பில் வருஷந்தோறும் பார்க்கிறோம். கணக்குத் தவறினால் ஒரு நிமிஷத்தில் திருத்திவிடலாம். இந்த நம்பிக்கையைத் திருத்த வெகு காலம் பிடிக்கிறது.

அசையாமல் இருப்பதே கவனம் என்ற எண்ணத்தைப் பெற்றோர் முதலில் விட வேண்டும். சிலை போல் உட்கார்ந்துகொண்டு மனத்தை ஜன்னலுக்கு வெளியே மேய விடும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் வேண்டிய மட்டும் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ சாஸ்திரி 1890-ல் வெளியிட்ட தமது நூலில், மனிதன் முயன்று செலுத்தும் கவனம் சில விநாடிகளுக்கு மேல் நிற்பதில்லை என்றும், நழுவின மனத்தை மறுபடி மறுபடி இழுத்து வருவதையே நாம் நீடித்த கவனம் என்கிறோம் என்றும் விளக்கியிருக்கிறார். பெரியவர்கள் சங்கதியே இப்படி. குழந்தையின் மனம் நழுவத்தான் நழுவும். அது எளிதில் திரும்பி வரும்படி வேலையை அமைத்துக் கொடுப்பது பெரியவர்கள் பொறுப்பு.

பத்துக் கணக்கையும் ஒன்றாகக் காட்டினால் அவனுக்கு மலைப்பாகிவிடுகிறது. மற்றவற்றைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, மூன்றை மட்டும் காட்டுங்கள். மூன்றும் முடிந்ததும் வாசல் வரை ஓடி வரட்டும். அல்லது அடுக்களையிலிருந்து பாட்டிக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டு வரட்டும். எழுந்திருக்கவே கூடாது என்று தடுத்தால் திருட்டுத்தனமாக எழுந்திருப்பான். எழுந்திருப்பதையும் பாடத்தில் ஒரு பகுதியாக்கி விட்டால், திரும்பியும் வருவான். வாய்ப்பாட்டுக்கு நாற்காலியே வேண்டாம். கூடத்தில் நடந்துகொண்டே, அடிக்கு ஒரு வரியாகச் சொல்லட்டும். நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். எண்சுவடியைக் கூட்டாக உரக்கச் சொன்னார்கள். கையும் வாயும் சேர்ந்து உழைத்த படிப்பு அது. அந்தப் பள்ளிகளின் பிரம்பை நாம் புகழவில்லை, மணலைத்தான் புகழ்கிறோம்.

இதற்கெல்லாம் முந்தின காரியம் ஒன்றுண்டு. பள்ளியிலிருந்து வந்த பிள்ளையை, பலகாரம் தின்ற வாயைத் துடைப்பதற்குள் புத்தகத்தின் முன் உட்கார்த்தி விடுகிறார்கள். இல்லாவிட்டால் டியூஷனுக்கு அனுப்பி விடுகிறார்கள். பகல் முழுவதும் பெஞ்சில் அடைபட்டுக் கிடந்த உடம்பு அது! முதலில் விளையாட விடுங்கள். "பாடம் முடித்தால்தான் விளையாட்டு" என்ற சட்டம் நிதானமான பிள்ளைக்குப் பொருந்தலாம். துடிப்புள்ள பிள்ளைக்கோ பாடமும் முடிவதில்லை, விளையாட்டும் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையார் 2009-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், 20 நிமிஷம் நடந்த பின் குழந்தைகள் கவனச் சோதனையில் கூடுதல் திருத்தமாக விடையளித்தனர். அடுக்கு மாடி வீட்டில் இடமேது என்பவர்கள் கயிறு தாண்டச் சொல்லலாம். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால், கறிவேப்பிலை வாங்கி வரக் கடைக்கு அனுப்பலாம்.

பாடத்தின் அளவையும் சற்றுப் பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப் பாடமே கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் உத்தரவிட்டது. மத்திய அரசாங்கத்தின் 2020-ம் வருஷத்துப் புத்தகப் பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்கிறது. பல வீடுகளில் அந்த இரண்டு மணி நேரம் திங்கட்கிழமை இரவே தீர்ந்துவிடுகிறது.

துறுதுறுப்புள்ள பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே, ஆறு மாதத்துக்கு மேலாக, இது படிப்பையும் சிநேகத்தையும் கெடுத்து வருமானால் குழந்தை வைத்தியரிடம் காட்டக் கூச்சப்பட வேண்டாம். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் 1902-லேயே இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். இன்று வைத்திய சாஸ்திரத்தில் இதற்குப் பெயரும் உண்டு, பரிகாரமும் உண்டு.

இன்னொன்று. குறித்த நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிடுங்கள். ஆறு கணக்குத்தான் ஆகியிருந்தால், "அரை மணியில் ஆறு போட்டான்" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மீதி நான்கைப் பிள்ளையின் எழுத்தைப் போலவே தாயார் எழுதி அனுப்புவது உபாத்தியாயருக்குத் தெரியாமல் போவதில்லை. ஓரத்திலுள்ள அந்த ஒரு வரியைப் பார்த்தால், மறுநாள் அவனுக்கு ஏழாவது கணக்கிலிருந்து தொடங்கலாம் என்று நாம் அறிந்துகொள்வோம்.