கிகாஹெர்ட்ஸ் மயக்கம்

கணினியின் ஆற்றல் முழுவதும் அதன் செயலிக்குள்தான் அடங்கியிருக்கிறது என்றும், செயலியின் பெயரோடு வரும் எண் பெரிதாக இருந்துவிட்டால் மற்ற உறுப்புகள் எப்படி இருந்தாலும் கணினி வேகமாக ஓடிவிடும் என்றும் நம்பும் பழக்கம், பிள்ளையின் படிப்புக்காக ஒரு கணினி வாங்கும் பெற்றோரிடமும், நூறு கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகங்களிடமும் ஒரே அளவில் வேரூன்றிக் கிடக்கிறது. ஐ5-ஆ ஐ7-ஆ, எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்து, பணம் கைமாறிவிடுகிறது. இந்த நம்பிக்கை பொறியியல் அடிப்படையற்றது. குறைந்த வருவாயுள்ளவரின் பணத்தை அவருக்குப் பயன்படாத இடத்தில் கொட்ட வைப்பதால் தீங்கானதும்கூட.

கிகாஹெர்ட்ஸ் என்பது செயலிக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நொடியில் எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதைச் சொல்லும் அளவு மட்டுமே; ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல் நிறுவனத்தின் வரலாறே சான்று. அந்நிறுவனம் 2000 நவம்பரில் வெளியிட்ட பென்டியம் 4, கட்டளைகளைப் பல சிறு படிகளாகப் பிரித்து வரிசையில் செலுத்தும் அமைப்பை மிக நீளமாக்கியது. பென்டியம் 3-இல் ஏறத்தாழ பத்தாக இருந்த படிகள் இருபதாகி, 2004-இல் வந்த பிரெஸ்காட் வகையில் முப்பத்தொன்றாயின. படிகள் சிறுத்ததால் கடிகாரத்தை வேகமாக ஓட்ட முடிந்தது, விளம்பரத்தில் எண் பெருத்தது. ஆனால் நிரல் எந்தக் கிளையில் திரும்பும் என்ற ஊகம் ஒருமுறை பிழைத்தாலும் வரிசையில் நின்ற வேலை அனைத்தையும் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததோடு, வெப்பமும் கட்டுக்கடங்காமல் ஏறியது. 4 கிகாஹெர்ட்ஸ் வகையை வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரில் இன்டெல் கைவிட்டது. இரண்டே ஆண்டுகளில் அதே நிறுவனம் கொண்டுவந்த கோர் 2 டுவோ, 2.4 கிகாஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டே 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐப் பெரும்பாலான வேலைகளில் பின்தள்ளியது. எண்ணை வளர்த்த நிறுவனமே எண்ணைக் கைவிட்ட பிறகும், வாங்குகிறவர் மட்டும் இன்றுவரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எண்ணோடு இப்போது பெயரும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஐ7 என்றால் உயர்ந்தது, ஐ5 என்றால் அதற்கு ஒரு படி கீழ் என்ற எண்ணம், ஒரே தலைமுறைக்குள் ஓரளவுக்குத்தான் பொருந்தும். மடிக்கணினிகளுக்காக 2016-இல் வந்த ஐ7-7500யு செயலியில் உள்ள கருக்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகள், இரண்டு; மறு ஆண்டில் வந்த ஐ5-8250யு செயலியில் நான்கு. இரண்டும் 15 வாட் வகுப்பைச் சேர்ந்தவை. அடிப்படைத் துடிப்பில் ஐ7 2.7 கிகாஹெர்ட்ஸ், ஐ5 1.6 கிகாஹெர்ட்ஸ். பெயரிலும் எண்ணிலும் தாழ்ந்து நிற்கும் ஐ5, பல கருக்களைப் பயன்படுத்தும் வேலைகளில் அந்த ஐ7-ஐ எளிதாக விஞ்சுகிறது. பழைய ஐ7 மடிக்கணினியைப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

ஆயினும் இவையெல்லாம் செயலியோடு செயலியை ஒப்பிடும் வாதங்கள்தான். நம்பிக்கையின் ஆழமான பிழை, செயலி எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கிறது என்று கருதுவதில் இருக்கிறது. உண்மையில் அது பெரும்பாலும் காத்துக்கொண்டிருக்கிறது. கொத்தனாரின் கை எவ்வளவு விரைவாக ஓடினாலும் சித்தாள் செங்கல் கொண்டுவரும் வேகத்துக்கு மேல் சுவர் எழும்புவதில்லை. கணினியில் செங்கல் சுமப்பவை ரேம் எனப்படும் நினைவகமும், கோப்புகளை நிலையாக வைத்திருக்கும் சேமிப்பகமும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்று நினைவகத்திலிருந்து ஒரு தரவைக் கேட்டால், அது வந்துசேர ஏறத்தாழ 80 நானோநொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் 240 துடிப்புகள் கழிந்துவிடும். வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ என்ற இரண்டு கணினி அறிஞர்கள் இந்த இடைவெளி பெருகிக்கொண்டே போவதை 1995-இலேயே சுட்டிக்காட்டி, அதை நினைவகச் சுவர் என்று அழைத்தார்கள். செயலிச் சில்லின் பரப்பில் கணிசமான பகுதியை இன்று கேஷ் எனப்படும் சிறு நினைவகம் அடைத்துக்கொண்டிருப்பதே இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காகத்தான்.

நினைவகத்திலிருந்து வன்தட்டுக்கு, அதாவது ஹார்டு டிஸ்க்குக்கு, இறங்கினால் காத்திருப்பு வேறொரு அளவுக்குப் போய்விடுகிறது. மடிக்கணினிகளிலும் மலிவான மேசைக் கணினிகளிலும் இருந்த வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய தரவு இருக்கும் வட்டத்துக்கு அதன் கை நகர்ந்து சேரச் சராசரியாகப் பன்னிரண்டு மில்லிநொடியும், அந்தத் தரவு கைமுனையின் கீழே சுழன்று வர அரைச் சுற்றும் தேவை என்று கொண்டால், ஒரே ஒரு சிறு தரவை எடுக்க ஏறத்தாழ 17.5 மில்லிநொடி கழிகிறது. அதே செயலிக்கு அது ஐந்து கோடித் துடிப்புகள். கணினியைத் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தட்டின் பல மூலைகளிலிருந்து திரட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கில் வன்தட்டால் நொடிக்கு அறுபது முறைக்குச் சற்றுக் குறைவாகவே அவ்வாறு தாவ முடியும். ஐ3 போட்டாலும் ஐ9 போட்டாலும் அந்த எண் மாறாது. நகரும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் அதே தரவை மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்கில் எடுத்துத் தருகிறது. மெதுவாகிப்போனதாகச் சொல்லப்படும் கணினி ஒன்றில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கிறவர் இதைக் கண்ணால் காணலாம்: டிஸ்க் என்ற வரியில் நூறு விழுக்காடு, சிபியூ என்ற வரியில் ஐந்தோ பத்தோ விழுக்காடு. சோம்பலாகக் குந்தியிருக்கும் உறுப்பைக் குறை சொல்லி மாற்றிவிட்டு, மூச்சுத் திணறும் உறுப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்த நம்பிக்கையின் நடைமுறை விளைவு.

நினைவகத்தின் அளவு போதாதபோதும் இதே நிலைதான். நான்கு ஜிபி நினைவகத்தில் உலாவியின் பத்துத் தாவல்களையும் ஒரு சொற்செயலியையும் திறந்தால், இடம் போதாத இயங்குதளம் நினைவகத்தில் இருப்பவற்றைச் சேமிப்பகத்துக்குக் கடத்தி, மீண்டும் மீண்டும் எடுத்துவரத் தொடங்குகிறது; அப்போது கணினி முழுவதும் சேமிப்பகத்தின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அளவைப் போலவே அமைப்பும் முக்கியம் என்பது இன்னும் குறைவாக அறியப்பட்ட செய்தி. 2400 வேகமுள்ள டிடிஆர்4 நினைவகப் பலகை ஒன்று நொடிக்கு 19.2 ஜிபி வரை தரவைத் தரும். எட்டு ஜிபி பலகை ஒன்றைப் போடுவதற்குப் பதில் நான்கு ஜிபி பலகைகள் இரண்டைத் தாய்ப்பலகையின் இரு தடங்களிலும் போட்டால் இந்த வரம்பு இரட்டிப்பாகி 38.4 ஜிபி ஆகிறது. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் திரைக்கான படத்தைத் தீட்டும் பகுதியும் இதே நினைவகத்தைத்தான் பங்கிட்டுக்கொள்வதால், ஒற்றைப் பலகையின் இழப்பு அங்கே வெளிப்படையாகவே தெரியும். தாய்ப்பலகையில் நினைவகம் செருகும் இடங்களில் ஒன்று வெறுமையாகக் கிடக்க, மேலே ஐ7 என்ற ஒட்டுத்தாள் பளபளக்கும் கணினிகள் ஏராளமாக விற்கப்படுகின்றன.

எவருடைய பேச்சிலும் இடம்பெறாத உறுப்பு ஒன்று உண்டு: எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி. அதன் பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையைப் படிப்பவர் அரிது. 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், இன்றைய செயலியும் வரைகலை அட்டையும் மின்சாரம் பெறும் 12 வோல்ட் தடத்துக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், அந்தத் தடம் தரக்கூடியது 216 வாட்தான். செயலிக்கு ஆயிரங்களை அள்ளிக்கொடுத்துவிட்டு, சிக்கனம் முழுவதையும் மின்வழங்கியில் காட்டும் கணினி, வேலை உச்சத்தில் இருக்கும்போது திடீரென்று அணைந்துபோகும். பழி மென்பொருளின் மீதோ வைரஸின் மீதோ விழும்.

செயலியே முடிவு செய்யும் வேலைகள் இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, பெரிய நிரல்களைத் தொகுப்பது, அறிவியல் உருவகப்படுத்தல் போன்றவற்றில் தரவு முன்கூட்டியே நினைவகத்தில் வந்து நிற்க, கணக்கிடும் வேகமே எல்லையாக அமைகிறது. அவ்வேலை செய்வோர் செயலிக்குச் செலவிடுவது முறையே. ஆனால் பள்ளிப் பாடம், கணக்குப் பதிவு, டிடிபி வேலை, கடிதம், உலாவுதல் ஆகியவற்றுக்காக வாங்கப்படும் கணினிகளுக்கும் அதே அளவுகோலை நீட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதனால் இழப்பது வாங்குகிறவர் மட்டுமல்லர். 2012-ஆம் ஆண்டின் நான்கு கரு ஐ5 செயலி உள்ள மேசைக் கணினியில் எட்டு ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்தால் மேற்சொன்ன அலுவல்கள் அனைத்தையும் அது தாங்கும். அத்தகைய கணினிகள், செயலி பழையது என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பைக்குப் போய், ஈயமும் பிற நச்சுப் பொருள்களும் உள்ள கழிவாகின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததையும், விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை என்பதையும் சிலர் எதிர்வாதமாக வைக்கலாம். அது ஒரு மென்பொருள் நிறுவனம் வகுத்த நிபந்தனை. செயலியின் வேகம் தீர்ந்துவிட்டதற்கான அடையாளம் ஆகாது. அதே கணினியில் லினக்ஸ் இன்றும் தடையின்றி ஓடுகிறது.

ஆகவே கணினி வாங்கப் புறப்படுகிறவரும், அதைவிட முக்கியமாக, பொதுப்பணத்தில் ஒப்பந்தப்புள்ளி எழுதுகிறவரும், செயலியின் பெயர் இருக்கும் வரிக்குக் கீழே நான்கு வரிகளைச் சேர்த்து எழுதட்டும்: நினைவகம் எத்தனை ஜிபி, எத்தனை தடங்களில், சேமிப்பகம் வன்தட்டா, எஸ்எஸ்டியா, மின்வழங்கியின் 12 வோல்ட் தடத்தில் எத்தனை ஆம்பியர், பின்னாளில் நினைவகம் சேர்க்கக் காலியிடம் உண்டா, இல்லையா. இவற்றுக்கு எழுத்தில் விடை தராத கடையில் எந்தச் செயலியையும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.