சால்வர் சொல்லும் விடை பாதிதான். மீதி 'நிழல் விலை'யில் இருக்கு!

ஒரு தச்சுப் பட்டறை. கையில் 100 பலகை, ஆட்களின் வேலை நேரம் 80 மணி. மேஜைக்கு 4 பலகை, 2 மணி நேரம். லாபம் 800 ரூபாய். நாற்காலிக்கு 1 பலகை, 2 மணி நேரம், லாபம் 500. எதை எத்தனை செய்வது? எக்செல் சால்வரிடம் கேட்டால் 20 மேஜை, 20 நாற்காலி, லாபம் 26,000 என்று சொல்லிவிடும். பலரும் அதோடு ஃபைலை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்குது.

அதே சால்வரின் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டைத் திறந்தால் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். பலகைக்கு 100, ஒரு மணி நேரத்துக்கு 200. இவைதான் நிழல் விலை. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் லாபம் 200 ஏறும். ஆக, ஓவர்டைமுக்கு வழக்கமான கூலிக்கு மேல் 150 கேட்டாலும் தாராளமா கொடுக்கலாம். பலகைக்கு வழக்கமான விலையைவிட 120 கூடக் கொடுத்தால் கையைக் கடிக்கும்.

இப்போ 100 பலகையை 100-ஆலும், 80 மணி நேரத்தை 200-ஆலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்க. அதே 26,000! இது தற்செயல் இல்லை. 'லாபத்தைக் கூட்டு' என்ற கணக்குக்குப் பின்னால், 'கையிருப்பை அப்படியே விற்றால் குறைந்தபட்சம் என்ன கேட்கலாம்' என்ற இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கன்வெக்ஸ் ஆப்டிமைசேஷனில் இதற்குப் பெயர் டூயாலிட்டி, அதாவது இருமை. முதல் கணக்கின் எந்த விடையும் இரண்டாவதைத் தாண்டாது. இரண்டும் சமமானால் அதுவே உச்சம். 'இன்னும் கொஞ்சம் லாபம் வராதா?' என்று நச்சரிக்கும் மேனேஜருக்கு இதைவிட நறுக்கென்ற பதில் கிடையாது. (எல்லாக் கணக்கிலும் இது நடக்காது, கன்வெக்ஸ் இல்லாதவற்றில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழலாம்.)

இந்த எண்களை முதலில் கண்டவர்களில் ஒருவர் சோவியத் கணிதவியலாளர் லியோனிட் கண்டரோவிச். 1938-ல் லெனின்கிராடில் ஒரு ப்ளைவுட் நிறுவனம், எந்த மெஷினில் எந்த மரத்தைப் போடுவது என்று அவரிடம் கேட்டது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓர் எண் முளைத்தது. சிக்கலும் முளைத்தது. சந்தை விலை போலவே தெரிந்த அந்த எண்கள், உழைப்புதான் மதிப்பு என்ற மார்க்சியக் கோட்பாட்டோடு மோதின. 1942-ல் அவர் எழுதி முடித்த புத்தகம் 1959-ல்தான் வெளிவந்தது. 1975-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவ்வளவு வருஷம் காத்திருந்து வந்த எண், இன்று ஒரே கிளிக்கில் வருது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை!

பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 200 ரூபாய் எல்லை இல்லாமல் நீளாது. பட்டறையின் வேலை நேரம் 200 மணியை எட்டும்போது 100 பலகையும் நாற்காலியாகி முடிந்திருக்கும். அதற்கு மேல் ஓவர்டைம் போட்டால் ஆட்கள் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். நிழல் விலை பூஜ்யம். அந்த எல்லையும் அதே ரிப்போர்ட்டில், பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கிறது.