கருவுற்றவள் கையில் கொடுக்கும் மருந்து

1921 பிப்ரவரி 13 அன்று டெல்லி கரோல் பாகில் ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரியைத் திறந்துவைத்த காந்தியடிகள், வாழ்த்துரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நவீன விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி வேட்கைக்குத் தலைவணங்கிய அவர், நம் வைத்தியர்களும் ஹக்கீம்களும் பழைய சூத்திரங்களைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுவதைக் குறையாகவே எடுத்துச் சொன்னார். கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான், அந்தக் குறையைக் களைய முனைந்தவர். அவருடைய ஊக்கத்தால்தான் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திகி சர்ப்பகந்தி வேரை ஆய்வுக்கு எடுத்தார். 1931இல் பிரித்தெடுத்த பொருளுக்கு அஜ்மலின் என்றே பெயர் வைத்தார். ஒரு வேரைக் கொடுக்குமுன் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்துக்கு இந்த நாட்டில் அப்படி ஒரு மரபு உண்டு. கருவுற்ற பெண்களுக்கு மருந்து விற்பவர்களிடம் இன்று அந்தக் கேள்வி இல்லை.

2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பது தெரியவந்தது. ஆறு பேரும் இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்டவர்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து போய், வளரும் மூளையைத் தாக்கும். தாயின் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். அடுத்த கர்ப்பத்திலும் கசியும். அங்கே ஈய அபாயம் உண்டா என்று கர்ப்பிணியிடம் விசாரிப்பது மருத்துவரின் கடமை, அதனால் கண்டுபிடித்தார்கள். நம் வழக்கமான கர்ப்பப் பரிசோதனைகளில் ஈயம் இல்லை.

மருந்தின் பெயரே மயக்கம் தருவது இன்னொரு சங்கடம். கருவைக் காப்பது என்ற பொருளில் பெயர்பெற்ற கர்ப்பபால ரசத்தின் மரபான செய்முறையில் சாதிலிங்கம் சேர்கிறது. அது பாதரசச் சேர்மம். நாக பஸ்பமும் சேர்கிறது. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேத நூல்களில் நாகம் என்றால் ஈயம். கரோல் பாகில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், ஊரில் பாட்டி கொடுத்த மருந்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் படித்தால் எதை நினைக்கும்?

சட்டம் இதை அறியாமல் இல்லை. நச்சுப் பொருள்கள் பட்டியலில் உள்ளவற்றைக் கொண்டு செய்த உள்மருந்தின் மீது, மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டியது என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 161ஆம் விதி கட்டளையிடுகிறது. மற்ற மொழி பேசுவோருக்கு அந்த எச்சரிக்கையைப் படித்துச் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. இன்னொன்றும் உண்டு: இந்த மருந்துகளைத் தயாரிக்க உரிமம் வேண்டும், விற்க வேண்டாம். பாதரசம் கலந்த புட்டியை மளிகைக் கடையிலும் வைத்து விற்கலாம் என்றால், விதியைக் காகிதத்தில் எழுதியதோடு அரசு தன் வேலை முடிந்தது என்று எண்ணியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட இழிவானது, ஆண் குழந்தைக்கென்று கொடுக்கும் மருந்து. ஹரியானாவிலும் பஞ்சாபிலும் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கருவுற்ற ஒன்றரை, இரண்டு மாதத்தில், சிவலிங்கி விதையோ மாசிக்காயோ சேர்ந்த பொடியைக் காளைக் கன்று ஈன்ற பசுவின் பாலில் கலந்து குடிக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் கையில் கொடுப்பவர் மாமியார். கரு உருவான கணத்திலேயே, தந்தையின் விந்தணுவால், ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்த வாரங்களில்தான் இதயமும் முதுகுத்தண்டும் கைகால்களும் உருவெடுக்கின்றன. மாதிரிகளைச் சோதித்தபோது ஹார்மோன் தன்மையுள்ள பொருள்கள் இருந்தன. ஹரியானாவில் நடந்த ஆய்வு, இதை உட்கொண்டவர்களிடம் பிறவிக் குறைபாடு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. இறந்து பிறக்கும் குழந்தைகளும் அதிகம். மகன் வேண்டும் என்று கேட்ட குடும்பத்துக்கு இதைத்தான் அந்தப் பொடி கொடுத்தது. பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் எந்த வழியிலும் பாலினம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. ஸ்கேன் மையங்களின் கதவைத் தட்டும் அதிகாரிகள் இந்தப் பொடியை விற்பவரின் கதவைத் தட்டத் தயங்குவது ஏன்? கருவுற்றவள் கணவராலோ உறவினராலோ கட்டாயப்படுத்தப்பட்டாள் என்றே நீதிமன்றம் முதலில் கருத வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நாமும் அவளைக் குற்றவாளியாக்க மாட்டோம்.

ஆங்கில மருந்துக் கடைகளுக்கும் நாம் நற்சான்று தரவில்லை. பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரித்துப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். சிவப்புக் கோடும் எச்சரிக்கைக் கட்டமும் மருந்தின் பெயரில் பாதியும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. முகப்பருவுக்குத் தரும் ஐசோடிரெட்டினாயின் கருவைச் சிதைக்கக் கூடியது. முதுகுவலிக்கு வாங்கும் ஐபுபுரூஃபன் 20ஆம் வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். தாலிடோமைடு என்ற தூக்க மருந்தால் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. மசக்கைக்கு நல்லது என்று நம்பிக் கொடுத்ததுதான் அது.

அதற்காக, கருவுற்றதும் எல்லா மருந்தையும் நிறுத்திவிடு என்று சொல்பவரும் தவறு செய்கிறார். வலிப்புக்கு உட்கொள்ளும் வால்புரோயேட், நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படக் காரணமாகலாம். ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால் தாயும் சேயும் ஒரே வலிப்பில் போய்விடக் கூடும். மாற்று மருந்தைக் கருவுறுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். மணமாகப் போகும் பெண்ணிடம் இதைப் பேசாத நரம்பியல் மருத்துவர் தம் கடமையில் தவறுகிறார். தைராய்டு, ஆஸ்துமா, சர்க்கரை நோய் மருந்துகளுக்கும் இதுவே நியாயம். அரசு இலவசமாகத் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைச் சூடு என்று சொல்லிப் பரணில் போடும் வீடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்: அதை 180 நாள் விடாமல் விழுங்க வேண்டும்.

பாதரசமோ ஈயமோ சேர்ந்த மருந்தை விற்கவும் உரிமம் கட்டாயமாக வேண்டும். கருவுற்றவர் உட்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை, விற்கும் மாநிலத்தின் மொழியிலும் படமாகவும் புட்டியில் இருக்க வேண்டும். ஆண் குழந்தை மருந்து விற்பவர்மீது பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டும். தீங்கு நேர்ந்தால் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற எண்ணில் தெரிவிக்கலாம் என்பதை ஒவ்வொரு மகப்பேறு மருத்துவமனையின் சுவரிலும் எழுத வேண்டும். டெல்லி அரசின் கையில் உள்ள திப்பியா கல்லூரி, கர்ப்பிணிகளுக்கென்று விற்பனையாகும் மருந்துகளை வாங்கி, ஈயமும் பாதரசமும் எவ்வளவு என்று சோதித்து, முடிவைப் பெயரோடு வெளியிடட்டும். முதல் மாதிரிகளுக்காக அவர்கள் தொலைதூரம் போக வேண்டாம். வாசலைத் தாண்டி அஜ்மல் கான் சாலையில் தொடங்கலாம்.