முதல் மணிக்கு முன்னர் ஒரு தடவை திறந்து மூடுவோம்



எங்கள் பாடசாலைக் கணினிக் கூடம் ஏன் இவ்வளவு ஸ்லோ என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். பழைய மாணவர் ஒருவர், "எல்லா மென்பொருளையும் முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைத்தால் சரிதானே ஸேர்?" என்றார். பாதி சரி. மறுபாதியைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

எங்கள் கூடத்தில் இருபது இருக்கைகள். பிள்ளைகளுக்கு முன்னால் இருப்பது திரையும் கீபோர்டும்தான். மென்பொருள் எல்லாம் ஓடுவது மூலையில் இருக்கும் ஒரே லினக்ஸ் சேர்வரில். அதன் ரேம் 8 ஜீபி. பாடவேளை 40 நிமிடம். விரிதாள் திறப்பதற்கே ஐந்து நிமிடம் போனால், வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நான் செய்த பிழை இதுதான். பிள்ளை லொகின் ஆனவுடன் விரிதாள், பிரவுசர், படம் வரையும் மென்பொருள் எல்லாம் தானாகத் திறக்கும்படி ஒவ்வொரு கணக்கிலும் அமைத்தேன். அன்று வகுப்பே நின்றுபோனது.

சஹன் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காரலாம். ஆறு பேருக்கும் ஆறு சஹன் வைத்தால் பாயில் இடம் போதாது. மென்பொருளின் நிரல் பகுதி ரேமில் ஒரு தடவை ஏறினால் போதும், இருபது பேரும் அதையே பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் அவரவர் திறந்து வைத்திருக்கும் வேலைக்கு இடம் தனித்தனி. பேச்சுக்கு, ஒருவருக்கு 300 மெகாபைட் என்றாலும் இருபது பேருக்கு 6 ஜீபி. இடம் போதாதபோது சேர்வர் ஹார்ட் டிஸ்க்கை ரேம் போலப் பாவிக்கத் தொடங்கும். பிறகு எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது நான் செய்வது சின்ன வேலை. காலையில் சேர்வரைப் போட்டதும், அன்றைய பாடத்துக்குரிய மென்பொருளை மட்டும் ஒரு தடவை திறந்து மூடிவிடுவேன். மூடினாலும் ரேமில் வேறு தேவை வரும்வரை லினக்ஸ் அந்தக் கோப்புகளை வைத்திருக்கும். முதலில் திறப்பவர்தான் காத்திருக்க வேண்டும். அது பிள்ளையாக இல்லாமல் ஆசிரியராக இருக்கட்டும்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. 1970களின் யுனிக்ஸில், பலரும் பாவிக்கும் நிரலை மூடிய பிறகும் கைக்கெட்டிய இடத்தில் வைத்திருக்க ஓர் அடையாளம் இருந்தது. "ஸ்டிக்கி பிட்" என்பார்கள். அதை இடும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே. இடம் எல்லோருக்கும் பொது என்பதால் அந்தக் கட்டுப்பாடு. இன்று, அடிக்கடி பாவிப்பதைக் கவனித்துத் தானே முன்கூட்டி ஏற்றும் "பிரீலோட்" போன்ற மென்பொருள்களும் உண்டு. அவை நேற்றைப் பார்த்து ஊகிக்கும். இன்றைய நேரசூசி ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே உதவ நினைக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுக் கணினிகள் வாங்குவதற்கு முன்னர், அந்த ஒரே சேர்வருக்கு ரேமைக் கூட்டித் தாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி போட்டுத் தாருங்கள். திறப்பு விழாப் படம் எடுக்க அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் இருபது பிள்ளைகளின் நேரம் மிஞ்சும்.